செப்பு வலைக்குத் தண்ணீர்

பாலைவனத்தில் தண்ணி லாரி ஓட்டுகிறவளுக்கு மரியாதை அதிகம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வல்லெனார் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். நோல்வியா கம்பில்லாய் பதினான்கு வருடமாக ஓட்டுகிறாள். தூசி கிளம்பினால் "எங்கே போனாள் அவள்" என்பார்கள். சேறானால் "எவள் ஊற்றினாள் இங்கே" என்பார்கள். இரண்டுக்கும் அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விடுவாள். வாயைத் திறக்காமல் காரியத்தை முடிப்பதில் அவளுக்கு ஒரு தனி ருசி உண்டு.

அந்த வருடம் அவளுக்கு வேலை கிடைத்தது ஊருக்கு வடக்கே, நாற்பது நிமிட ஓட்டத்தில், வெட்டவெளியில் எழும்பிக்கொண்டிருந்த பேட்டரி நிலையத்தில். ஐம்பத்திரண்டு வெள்ளைக் கண்டெய்னர்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றுக்குள்ளும் அலமாரி அலமாரியாகப் பேட்டரி. நான்கு கண்டெய்னருக்கு ஒரு இன்வெர்ட்டர், ஒரு டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து தடித்த கேபிள்கள் மண்ணுக்கடியில் ஓடி, மூலையிலிருந்த துணைமின் நிலையத்துக்குப் போய், பெரிய லைனில் ஏற வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடுகள் ஏற்கனவே இருந்தன. மத்தியானத்தில் அவை காய்ச்சித் தள்ளுகிற மின்சாரத்தை வாங்க ஆளில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். பொழுது சாய்ந்து, வீட்டுக்கு வீடு விளக்குப் போட்டு டீக்குத் தண்ணி வைக்கிற நேரத்தில் போதவில்லை என்று கத்துவார்கள். மத்தியானம் மீந்ததை எடுத்து வைத்துச் சாயங்காலம் பரிமாறத்தான் இந்த ஐம்பத்திரண்டு பெட்டியும்.

நோல்வியாவின் தம்பி எலாதியோவும் அதே சைட்டில்தான் இருந்தான், எலக்ட்ரீஷியனாக. அவளைவிடப் பதினோரு வயது இளையவன். ஒன்பது வருடம் கலாமா பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பதினான்கு நாள் மலை மேல், பதினான்கு நாள் வீட்டில், போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி பஸ்ஸில் போய்விடும். இந்த நிலையம் லைனுக்கு வந்துவிட்டால் அதை நடத்தப்போகும் கம்பெனி அவனையே ஆபரேட்டராக வைத்துக்கொள்வதாக எழுத்தில் கொடுத்திருந்தது. தினமும் வீட்டில் தூங்கலாம். அவன் மனைவி யாஸ்னாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அந்தக் கடிதத்தை அவன் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான்.

சைட்டுக்குத் தலைவர் ரெனாத்தோ கயேத்தே. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டபோது மறுவாரமே கொண்டுவந்து வைத்தவர். ஆனால் தலைநகரத்தில் மின்கட்டமைப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவருக்கு ஒரு தேதி கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் பதினாறு. அன்று இணைக்காவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். அந்தத் தேதி தலைக்குள் புகுந்த நாளிலிருந்து அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அவர் நோல்வியாவைக் கூப்பிட்டார். இனிமேல் ரோட்டுக்கு ஒரு நடை போதும், நான்கு மணிக்கு மேல் மூன்று நடை வேலிக்குள்ளே ஊற்றவேண்டும், வெள்ளை அடித்த முளைகள் போகிற கோட்டிலேயே ஊற்றவேண்டும், கோடு தப்பக்கூடாது என்றார். தூசிக்காக என்று அவளே நினைத்துக்கொண்டாள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. கோடு தப்பாமல் ஊற்றினாள். ஊற்றுவது அவளுடைய தொழில், அதில் அவளைக் குறை சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது வாரம் பூமி பூத்துவிட்டது.

இங்கே மண்ணுக்குள் விதை ஏழு வருடம் எட்டு வருடம்கூடத் தூங்கும். தண்ணீர் பட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடும். குவானக்கோ பாதம் என்று சொல்லுகிற பூ, கண்ணைப் பறிக்கிற ஊதாச் சிவப்பு. மழை வந்த வருடத்தில் அது மனம்போன போக்கில் சமவெளியெங்கும் பரவிக் கிடக்கும். இப்போது அது வேலிக்குள் மட்டும், நேர்க்கோட்டில், குறுக்கும் நெடுக்கும், ஏழு மீட்டருக்கு ஒரு கோடாக, பள்ளிக்கூடத்துக் கட்டம்போட்ட நோட்டு மாதிரி பூத்து நின்றது. வேலையாட்கள் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். "நோல்வியா, உங்க தோட்டத்துல தக்காளி எப்ப வரும்?" என்று கேட்டான் ஒருத்தன். வெல்டிங் வேலை பார்க்கிறவன் அதன் நடுவில் படுத்துப் படம் எடுத்து மாமியாருக்கு அனுப்பினான்.

கயேத்தே வந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அரை மணி நேரத்தில் மண்வெட்டியோடு ஆறு பேரை விட்டு, பூவை ஒன்று விடாமல் செதுக்கச் சொன்னார். படங்களை அழிக்கச் சொன்னார். நோல்வியா மறுநாளிலிருந்து விடியற்காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னால் வந்து ஊற்றிவிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னார்.

நோல்வியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் பூவைக் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிற மனிதர்கள் உண்டு. செதுக்குகிறவனுக்கு ஏதோ மறைக்க இருக்கிறது. அதுவும் தூசிக்கு ஊற்றுகிற தண்ணீரை யாராவது இருட்டில் வந்து ஊற்றச் சொல்வார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதில் சோறு போடுகிறவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். யாஸ்னா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எலாதியோ ரொட்டியைச் சுட்டு, வெண்ணெய்ப்பழத்தை மசித்து, டீ வைத்துக் கொடுத்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. அந்த வெள்ளை முளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

அவனுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மண்ணுக்குக் கீழே, அரை மீட்டர் ஆழத்தில், செப்புக் கம்பியால் ஒரு வலை புதைத்திருக்கிறது. கண்டெய்னர், இன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர், வேலிக் கம்பி உட்பட எல்லா இரும்பும் அதோடு கட்டியிருக்கிறது. எங்காவது ஒரு கேபிள் பழுதாகி மின்சாரம் வழிதப்பி ஓடினால், அந்த வலை வழியாக அது மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். மண் வாங்கிக்கொண்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. வாங்கிக்கொள்ளாவிட்டால் வலையும் அதோடு கட்டிய இரும்பும் அந்த நொடிக்கு மின்சாரம் ஏறி நிற்கும்.

வலையை வடிவமைத்தவர்கள் தலைநகரத்தில் இருந்தார்கள். முறைப்படி மண்ணை அளக்க ஆள் அனுப்பினார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஆள் வந்தது, பல வருடத்துக்கு ஒருமுறை வருகிற மழை வந்துபோன மறுவாரம். மின்சாரத்தை நன்றாக வாங்குகிற ஈர மண்ணை அளந்து, இதுதான் இந்த இடத்து மண் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். நல்ல மண்தானே என்று அவர்களும் சிறிய வலையாகப் பின்னிவிட்டார்கள். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லியிருக்கும், ஐயா இது மழை பார்த்த மண் என்று. குழந்தையை யார் கேட்டார்கள்?

ஜூலைக் கடைசியில் வலை புதைத்து முடிந்ததும், மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று எலாதியோ அளந்தான். அன்று கம்பிச் சுருளைத் தூக்க முடியாமல் நோல்வியாவின் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவளுக்கு நினைவிருந்தது. வலையிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி, ரோட்டோரத்தில் செத்துப்போன லாரிக்காரன் ஒருவனுக்கு வைத்த நினைவு மாடத்தையும் தாண்டி, ஒரு இரும்பு முளையை அடித்தார்கள், நடுவழியில் இன்னொன்றை. எதற்கு இவ்வளவு தூரம் என்று அவள் சலித்துக்கொண்டபோது, கிட்டே அடித்தால் மீட்டர் முகஸ்துதி பேசும் அக்கா, தூரத்தில் அடித்தால்தான் உண்மை பேசும் என்று அவன் அன்று பெருமையாகச் சொன்னான். உண்மை ஒன்பதரை ஓமாக இருந்தது. இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டியது.

அதைச் சரிபண்ண வழி இருந்தது. நாற்பது மீட்டர் ஆழத்துக்கு எட்டுத் துளை போட்டு, கம்பி இறக்கி, ஈரம் பிடித்து வைக்கிற களிமண்ணைக் கரைத்து ஊற்ற வேண்டும். மூன்று மாதம் ஆகும். கயேத்தேயிடம் மூன்று மாதம் இல்லை. தண்ணி லாரி இருந்தது.

"சரி. லைன் கொடுத்ததுக்கு அப்புறம் யாருடா தண்ணி ஊத்துவா?" என்று கேட்டாள்.

எலாதியோ ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தை ரொம்பப் பொறுமையாகத் தடவினான். "யாரும் ஊத்த மாட்டாங்க" என்றான்.

"காஞ்சு கெடக்கறப்ப ஏதாவது பழுதாச்சுன்னா?"

"அது எப்பவாவது ஒருதரம் நடக்கறது. நடக்காமயே போகலாம்."

"நடந்தா?"

"பெட்டிக் கதவுல கை வெச்சிட்டு நிக்கறவன் போயிடுவான்."

"கதவுல கை வெக்கறது யாரு?"

தினமும் ஐம்பத்திரண்டு கதவையும் திறந்து மூடப்போகிற ஆளின் கடிதம் அவள் முதுகுக்குப் பின்னால் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்தது. அப்புறம் கையுறை இருக்கிறது என்றான். பூட்ஸ் இருக்கிறது, மேலே ஜல்லி போட்டிருக்கிறது, காப்புக் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும் என்றான். இவ்வளவும் இருந்தால் தண்ணீர் எதற்கு என்று அவள் கேட்டதும் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டான்.

"அக்கா, ஒன்பது வருஷம் பஸ்ல தூங்கியிருக்கேன். என் புள்ள பொறக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன். இதைக் கெடுத்துடாத."

அவள் கெடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை, கெடுப்பேன் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பயந்தாள். அதைப் பயம் என்று சொல்லாமல் வேறு பெயர் வைப்பதில் அர்த்தமில்லை. அவனுக்கு வேலை வேண்டும் என்பதும் உண்மை, அவன் செத்துப்போகலாம் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவன் மடையன் என்று அவளுக்குத் தோன்றியது. தம்பி மடையன் இல்லை, ஆசைப்பட்டுவிட்டான், அவ்வளவுதான். ஆசைப்பட்டவனிடம் நியாயம் பேசுவது செவிடன் காதில் சங்கு ஊதுகிற கதை.

சான்றிதழ் கொடுக்க ஆய்வாளர் வருவது அக்டோபர் நான்காம் தேதி என்று தெரிந்தது. செப்டம்பர் இருபதிலிருந்து நோல்வியா செப்பு வலைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. விடியற்காலையில் ஒழுங்காக வந்தாள், வேலிக் கதவைத் திறந்தாள், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினாள், பின்பக்கத்து வாசல் வழியாகப் போய் பழைய சரளைக்கல் குழியில் மொத்தத்தையும் திறந்துவிட்டாள். வருகைத் தாளில் மூன்று நடை என்று எழுதினாள். மூன்று நடைதான், அதில் பொய் இல்லை. கயேத்தே தாளைப் பார்த்தார், மண்ணைப் பார்க்கவில்லை. மேல்மண் எப்படியும் எட்டு மணிக்குள் காய்ந்து ஒரே நிறமாகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் அவளுக்கு மிகவும் பிடித்தது, தான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். மண் தானாகக் காயும். மீட்டர் தானாகச் சொல்லும். தேதி தள்ளிப்போகும், துளை போடுவார்கள், தம்பி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிவான், அப்புறம் உயிரோடு வேலைக்குப் போவான். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு பதினான்கு நாள் நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் தேதி ஆய்வாளர் வந்தார். மத்தில்தே உரேத்தா, ஐம்பது வயதுப் பெண்மணி, பெரிய தொப்பி, யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்லுகிற பழக்கம். தலைநகரத்துக்காரர், இந்தப் பக்கம் வருவது முதல் தடவை. காலையெல்லாம் கண்டெய்னர்களைத் திறந்து பார்த்தார், தீயணைப்புக் குழாயைப் பார்த்தார், கேபிள் முனைகளைத் தட்டிப் பார்த்தார். பதினோரு மணிக்கு எர்த்தை அளக்கலாம் என்றார்.

நோல்வியா கேட்டுக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு, நிழலில் நின்றாள்.

எலாதியோ மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வலையின் ஓரத்தில் மண்டியிட்டான். பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறினான். குனிந்து ஒரு பிடி அள்ளினான். அது மாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்து போயிற்று. நிமிர்ந்து நேராக அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை. சொல்ல வேண்டியதை மண் சொல்லிவிட்டது என்று நின்றாள். அவன் எழுந்தான், கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டான், வெயிலுக்குள் நடந்து போனான். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இணைத்தான். உரேத்தா மீட்டரின் மேல் குனிந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு படித்தார்.

"ஒண்ணு புள்ளி ஏழு. ரொம்ப நல்லா இருக்கே" என்றார்.

கயேத்தே மூச்சு விட்டது கேட்டது. நோல்வியாவுக்குப் புரியவில்லை. பதினான்கு நாள் வெயிலில் வறுபட்ட மண் எப்படி ஒன்று புள்ளி ஏழு காட்டும்? ராத்திரியில் வேறு யாரையாவது விட்டு ஊற்றினார்களா? மண்ணைத்தான் இப்போது பார்த்தோமே. அவள் கம்பி போன வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். முளையில் கட்டிய ஆரஞ்சுத் துணி தெரிந்தது. அதற்கும் அந்தப் பக்கம், ரொம்பத் தூரத்தில், லாரிக்காரனின் நினைவு மாடம் வெள்ளையாகத் தெரிந்தது.

ஜூலையில் முளை மாடத்தைத் தாண்டி இருந்தது. இன்று மாடத்துக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அறுநூறு மீட்டர் போய்த் திரும்புகிறவன் பத்து நிமிடத்தில் வந்து நிற்க முடியாது. வெட்டவெளியில் தூரம் கண்ணை ஏமாற்றும்; ஊருக்குப் புதியவர் பாவம், அவருக்கு இருநூறும் தூரம்தான், அறுநூறும் தூரம்தான். மீட்டர் முகஸ்துதி பேசிக்கொண்டிருந்தது, பேசச் சொல்லிக் கொடுத்தவன் தம்பி.

அவள் அவனைக் காப்பாற்ற மண்ணைக் காயவைத்தாள். அவன் தன்னைத்தானே கொன்றுகொள்ள வேறு வழி கண்டுபிடித்திருந்தான். கோபம் வந்தது அவளுக்கு, அவனைப் பிடித்து அறைய வேண்டும்போல வந்தது. அதைவிட மோசமானது, இனி வாயைத் திறக்காமல் முடிகிற காரியம் எதுவும் பாக்கியில்லை என்று தெரிந்ததுதான். உரேத்தா தாளைப் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் விரித்துவிட்டார். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

நோல்வியா நிழலிலிருந்து நடந்து போனாள்.

"மேடம், அந்தக் கடைசி முளை ரொம்பக் கிட்ட இருக்கு" என்றாள்.

கயேத்தே சிரித்தார். "நோல்வியா, நீங்க லாரிக்குப் போங்க. இது ரோட்டுக்குத் தண்ணி தெளிக்கற விஷயம் இல்ல."

உரேத்தா சிரிக்கவில்லை. எலாதியோவிடம் திரும்பி, "எவ்வளவு தூரத்துல அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"அறுநூறு மீட்டர்" என்றான் எலாதியோ.

தம்பி பொய் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள், சின்னச் சின்னப் பொய்கள். இதைத் தடுமாறாமல், நல்ல குரலில் சொன்னான். அவளைப் பார்க்கவே இல்லை. அந்த நிமிடத்தில் அவள் போயிருக்கலாம். சொன்னேன், கேட்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு லாரியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

"என் லாரில ஓடின தூரத்தக் காட்டற மீட்டர் இருக்கு, மேடம். ஏறுங்க. ஓட்டிப் பாத்துடுவோம்" என்றாள்.

உரேத்தா பேனாவை மூடிப் பையில் போட்டார், தொப்பியைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினார். முளை வரைக்கும் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருநூறைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. உரேத்தா இறங்கி, தானே முளையைப் பிடுங்கி லாரியில் போட்டார். மாடத்தையும் தாண்டிப் போய் நிறுத்தியதும் சுத்தியலை வாங்கித் தானே அடித்தார். திரும்பி வந்து மீட்டரைப் படித்தபோது ஒன்பது புள்ளி எட்டு. இடையில் இருக்கும் முளையை நகர்த்தி மூன்று முறை படித்தார். எண் அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் சத்தம் எதுவும் இல்லை. உரேத்தா தாளில் நீளமாக எழுதினார், கயேத்தே கையெழுத்துப் போட்டார். எலாதியோவின் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பொய் அளவு காட்டியவனுக்கு ஆபரேட்டர் வேலை கிடையாது என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அவன் ஹெல்மெட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே வந்தபோது நோல்வியா லாரிக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அவன் ஏறவில்லை.

"மண்ணு காஞ்சிருக்கறதப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு, நீதான்னு. அதக்கூடப் பொறுத்திருப்பேன்" என்றான். "எல்லார் முன்னாடியும் என்னைத் திருடன் ஆக்கிட்டியே."

"உசுரோட இருக்கியேடா. அது போதும் எனக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆகியிருந்தா?"

"ஆகியிருக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த சரளைக்கல் லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டான்.

துளை போட எந்திரம் வந்தது. நாற்பது மீட்டர் துளைக்குத் தண்ணீர் வேண்டும், களிமண் கரைக்கத் தண்ணீர் வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் அனுமதி உள்ள தண்ணி லாரி நோல்வியாவுடையது ஒன்றுதான். கயேத்தேயை மாற்றிவிட்டு வேறு ஒருவரை அனுப்பினார்கள். புதியவர் வந்த அன்றே அவளைக் கூப்பிட்டு ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டார். காட்டிக்கொடுத்த அக்காளுக்கு உள்ளே வேலை, தம்பிக்கு வெளியே வாசல். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு, அவள் காதுபடவே சிரித்தார்கள். எலாதியோ திரும்பவும் கலாமா பஸ் ஏறினான். டிசம்பர் பத்தாம் தேதி யாஸ்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவன் மலை மேல் இருந்தான், ஷிப்டின் மூன்றாம் நாள். மருத்துவமனைக்கு நோல்வியாதான் கூட்டிக்கொண்டு போனாள். யாஸ்னா போன் செய்து அவனிடம் அதைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவன் வீட்டுக்கு வந்த நாட்களில் நோல்வியா அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.

ஜனவரியில் நிலையம் லைனுக்கு வந்தது. மண் ஒன்று புள்ளி நான்கு காட்டியது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல். ஐம்பத்திரண்டு பெட்டியும் மத்தியானம் வாங்கிச் சாயங்காலம் கொடுத்தன. வேறு ஒருவன் ஆபரேட்டராக வந்தான். ரோட்டை நனைக்க மாதம் இரண்டு முறை போகும்போது நோல்வியா அவனைப் பார்ப்பாள். ஒல்லியாக, காதில் எப்போதும் பாட்டு மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டு போவான். கை உயர்த்துவான், அவளும் உயர்த்துவாள்.

ஒன்றரை வருடம் போயிற்று. தம்பி பேசவில்லை. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று யாஸ்னா படம் அனுப்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நோல்வியா லாரியைக் கேட்டில் நிறுத்தி, இங்கே எப்போதாவது ஏதாவது பழுது கிழுது ஆனதா என்று அந்த ஆளிடம் கேட்டாள். அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, திரும்பக் கேட்கச் சொன்னான். அவள் திரும்பக் கேட்டாள்.

"இங்கயா? ஒரு ஃபியூஸ்கூடப் போகலக்கா. என் வேலைலயே இது மாதிரி நிம்மதியான எடம் பாத்ததில்ல."

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் இல்லை என்று லாரியைக் கிளப்பும்போதுதான் தெரிந்தது. ஒரே ஒரு தடவை நடந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கேபிள் எரிந்து, மின்சாரம் தப்பி ஓடி, புதிய துளை வழியாக மண்ணுக்குள் இறங்கி, நிலையமே நடுங்கி நின்று, கலாமா வரைக்கும் அந்தச் செய்தி போயிருக்க வேண்டும். எலாதியோவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை இன்று புதிதாக நினைக்கவில்லை, ஒன்றரை வருடமாக ஒவ்வொரு முறையும் இந்தக் கேட்டுக்குள் நுழையும்போது நினைத்திருக்கிறாள். நினைத்த ஒவ்வொரு முறையும் அந்த ஆள் ஏதோ ஒரு கதவில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கினாள்.

"தம்பி, உன் பேர் என்ன?"

"ஃபெர்மீன்" என்றான் அவன். "ஃபெர்மீன் தம்ப்ளாய்."

"அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு அக்கா. ஏன்?"

சும்மாதான் கேட்டேன் என்றாள். அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.